ஊசித்தட்டான்களுக்குப் பெயர் சூட்டும் நண்பர்களுக்கு ஒரு திறந்த மடல்

சிங்கப்பூரின் பூங்காக்களிலும் வனப்பாதைகளிலும் பூச்சிகளைப் படமெடுத்துப் பகிரும் தமிழ் நண்பர்களுக்கு வணக்கம்.

ஊசிபோல் மெலிந்த உடல்கொண்ட தும்பி வகையான ஊசித்தட்டான்களை நீங்கள் எடுக்கும் படங்கள் கண்ணுக்கு விருந்துதான். ஆனால், அவற்றின் கீழ் நீங்கள் எழுதும் இனப்பெயர்கள் பலவற்றுக்கு அந்தப் படங்களிலேயே சான்று இருப்பதில்லை. குளக்கரைக் கோரையில் அமர்ந்திருக்கும் நீலநிற ஆணை மேலிருந்து ஒரு படம் எடுத்ததும் 'சூடாக்ரியான் மைக்ரோசெஃபலம்' என்று எழுதிவிடுகிறோம். ஏறத்தாழ அதே நீலமும் அதே கறுப்புக் குறிகளும் கொண்ட சூடாக்ரியான் ஆஸ்திரலேசியேவும் இத்தீவில் இருக்கிறது. இவ்விரண்டையும் ஐயமறப் பிரித்துக் காட்டுவது, புணர்ச்சியின்போது பெண்ணின் முன்மார்பைக் கவ்விப் பிடிக்க ஆணின் வால்நுனியில் அமைந்துள்ள சிறு பற்றுறுப்புகளின் வடிவம். பக்கவாட்டில், நெருக்கத்தில், வால்நுனி துலங்க எடுத்த படத்தில்தான் அது தெரியும். அனுமதியின்றி இங்கே பூச்சிகளைப் பிடிக்க இயலாது, அது நியாயமும்கூட. ஆகவே படத்தில் பதியாத உறுப்பைப் பின்னர் சரிபார்க்க வழியில்லை.

வாழிடத்தையும் குறித்து வையுங்கள். 1860இல் பெல்ஜிய அறிஞர் செலிஸ் லோங்ஷாம் விவரித்த ட்ரெபனோஸ்டிக்டா குவாட்ராட்டா, காட்டின் அடர்நிழலில் ஓடும் சிற்றோடைகளை விட்டு விலகாதது. வெயில் காயும் பேட்டைக் குளத்தில் அதைக் கண்டதாக ஒருவர் எழுதினால், படத்தை மறுமுறை பார்க்கத்தான் வேண்டும். மாறாக, இஸ்க்னூரா செனகலென்சிஸ் உவர்நீரையும் தாங்கும், எங்கும் தென்படும். அங்கே வாழிடம் துணைசெய்யாது. போதாக்குறைக்கு, அதன் பெண்களில் சில ஆணின் நிறத்திலேயே இருக்கும். மற்றவை இளமையில் ஆரஞ்சாக இருந்து முதிர்ந்தபின் பச்சை கலந்த பழுப்பாக மாறும். மார்பு பச்சையாகவும் வயிற்றின் இரு முனைகளும் செம்மஞ்சளாகவும் உள்ள செரியாக்ரியான் செரினோருபெல்லம் மட்டும் நம்மைச் சோதிப்பதில்லை.

நீர் ஓடுகிறதா தேங்கியுள்ளதா, நிழலா வெயிலா, கரையில் என்ன செடி என்ற விவரங்களை ஓரிரு வரிகளில் எழுதினால் போதும். செடிகள் முக்கியம், ஊசித்தட்டான்கள் தண்டையோ இலையையோ கீறி அதனுள் முட்டையிடுபவை. வால்நுனி தெரியாத படத்துக்குப் பேரினப் பெயரோடு, அதாவது 'சூடாக்ரியான்' போன்ற முதற்சொல்லோடு, நிறுத்திக்கொள்வதில் இழுக்கேதுமில்லை. ஒன்றே ஒன்று: அரிய இனமெனில், ஓடையின் துல்லியமான இடத்தைப் பொதுவில் வெளியிட வேண்டாம், பாதையை விட்டிறங்கும் கால்கள் அந்த ஓடைக்கரையைத்தான் முதலில் மிதிக்கும்.

அன்புடன்,
ஈசூன்வாசியான தும்பி ஆர்வலர் ஒருவர்