நந்தவனத் திருப்பணி நிறைவு அறிக்கை

மெய்யடியார்களே, அங்கத்தவர்களே,

சுற்றுமதில் பூசி முடிந்தது. குழாய்க்கிணறு திருத்தியாயிற்று. வடக்கு வாசலுக்குப் புதிய கேற் போட்டாயிற்று. இவற்றில் எவரும் குறை சொல்லவில்லை. கேள்வியெல்லாம் நந்தவனத்தைப் பற்றித்தான்: மூன்று மாத வேலை ஏன் பதினான்கு மாதம் இழுத்தது, முற்பணம் எங்கே, பூக்கன்று வைக்கவேண்டிய இடத்தில் ஏன் வெட்டிவேர்?

அந்த மூலையில் முன்பு வாடகைக்கு இருந்த பற்றரிக் கடையில் ஈயத் தகடு உருக்கினார்கள். மண்வெட்டி போட்ட அன்றே கறுப்புக் கட்டிகளும் தகட்டுத் துண்டுகளும் வந்தன. பரிசோதனையிலும் ஈயம் மிகுதி என்றே வந்தது. ஈயம் பிள்ளைகளின் மூளையைக் கெடுக்கும்; பெற்றோலில் அதைக் கலப்பதை நாடே 2002இல் நிறுத்தியது. நந்தவனத்தை ஒட்டித்தான் எங்கள் அறநெறி வகுப்பு நடக்கிறது.

கொந்தராத்துக்காரர், “இரண்டு அடி தோண்டி லொறியில் ஏற்றிவிடுகிறேன்” என்றார். எங்கே கொட்டுவீர்கள் என்று நான்கு முறை கேட்டோம். “அது என் பொறுப்பு ஐயா” என்பதற்கு மேல் பதில் இல்லை. எங்கள் நஞ்சை இன்னொருவர் வீட்டு வாசலில் கொட்டிவிட்டுக் கும்பாபிஷேகம் செய்யச் சபைக்கு மனம் ஒப்பவில்லை. அதற்குள் அவருடைய ஆட்கள் காய்ந்த மண்ணை வெட்டத் தொடங்கிவிட்டார்கள். வகுப்பு வாங்குகளில் படிந்த தூசியில் செயலாளர் விரலால் கோடு இழுத்துக் காட்டினார். அன்றே வேலையை நிறுத்தினோம். முற்பணம் திரும்பவில்லை. நட்டம்தான். ஆனாலும் நாளைக்கே இப்படி வந்தால் இதையேதான் செய்வோம்.

அதன்பின் மண்ணை அங்கேயே விட்டு, வேரில் பற்றீரியா சேர்த்த வெட்டிவேரை நட்டோம். பற்றீரியா ஈயத்தைத் தின்றுவிடும் என்று சிலர் நம்புகிறார்கள். தின்னாது. ஈயம் ஒரு மூலகம், எந்த உயிராலும் அதை அழிக்க முடியாது. நஞ்சு மண்ணில் நட்ட செடி எதிலீன் என்ற வாயுவைக் கூடுதலாகச் சுரந்து தன் வேரைத் தானே குறுக்கிக்கொள்ளும். வேரோடு வாழும் சூடோமோனாசு, பசிலசு போன்ற பற்றீரியாக்களில் சில இனங்கள் அந்த எதிலீனுக்கு மூலமான பொருளை ஒரு நொதியத்தால் உடைக்கின்றன. இரும்பைக் கவ்வும் பொருளைச் சுரந்து, இரும்புக்குத் தவிக்கும் செடிக்கு உதவுகின்றன. வேர் தழைக்கிறது. வெட்டிவேர் பெரும்பகுதி ஈயத்தை வேரிலேயே பிடித்துவைக்கும், இலைக்குக் கொஞ்சமே ஏறும். மண் மூடிக்கிடப்பதால் தூசியும் எழாது. மண் சுத்தமாகிவிட்டது என்று நாங்கள் சொல்லவில்லை, நஞ்சைக் கட்டிவைத்திருக்கிறோம்.

தாமதத்துக்கு ஒரு காரணம் எங்கள் பிழை. முதலில் வாங்கிய பற்றீரியாப் பொதிகளை மடைப்பள்ளிச் சூட்டில் வைத்துவிட்டோம். அந்த நடுகை பிழைக்கவில்லை. இரண்டாம் முறை நிழலில் வைத்து, நாற்றின் வேரை அந்தக் கரைசலில் நனைத்து நட்டோம். இன்று இடுப்பளவு நிற்கிறது.

நாற்று தந்த ஜிந்துப்பிட்டிக் குடும்பத்தார், பரிசோதனைச் செலவை ஏற்ற செட்டியார் தெரு நகைக்கடை உபயகாரர், பெயர் வேண்டாமென்ற வத்தளை அம்மா, தண்ணீர் ஊற்றிய இளைஞர்கள், வெள்ளவத்தையிலிருந்து பூந்தொட்டிகள் அனுப்பிய சகோதரர்கள் எல்லோருக்கும் நன்றி.

துளசி இப்போது தொட்டியில்தான் வளர்கிறது, தீர்த்தத்தில் சேர்வது அல்லவா. போன வெள்ளி ஓர் ஆச்சி, பானைத் தண்ணீரில் போட ஒரு பிடி வெட்டிவேர் கேட்டார். கொடுக்கவில்லை. மனத்தாங்கலோடு போனார். வேலிக் கதவின் திறப்பு செயலாளரிடம் இருக்கிறது. தயவுசெய்து யாரும் கேட்கவேண்டாம்.

திருப்பணிச் சபை,
கொட்டாஞ்சேனை, கொழும்பு 13