சுவிண்டனில் எங்களுக்குக் கைகொடுத்த எல்லோருக்கும்

அன்புள்ள பள்ளி நண்பர்களே, எங்கள் தெருவாரே, கடைக்கார அண்ணா, அக்கா,

வணக்கம். இங்கிலாந்தின் சுவிண்டன் நகரத்தில் இயற்பியல் கற்பிக்கத் தமிழ்நாட்டிலிருந்து குடும்பத்தோடு வந்த எங்களை இங்கே கால் ஊன்ற வைத்தவர்கள் நீங்கள். நேரில் நன்றி சொல்லியிருக்கிறோம். ஆனாலும் பலர் அறிய எழுத ஒரு காரணம் இருக்கிறது. 2023 பிப்ரவரி முதல் இந்தியாவில் தகுதி பெற்ற ஆசிரியர்களும் இங்கிலாந்தின் ஆசிரியர் தகுதிநிலைக்கு நேரடியாக விண்ணப்பிக்க முடிகிறது. கணிதம், அறிவியல், மொழிப் பாட ஆசிரியர்கள் அதன் வழியே குடும்பத்தோடு வந்துகொண்டிருக்கிறார்கள். நீங்கள் சொல்லித் தந்தவை அவர்களுக்கும் போய்ச் சேர வேண்டும். உங்கள் எந்தச் சொல் எங்கே பலித்தது என்று உங்களுக்கும் தெரிய வேண்டும்.

முதல் நன்றி பள்ளியின் பணியாளர் பிரிவில் இருக்கும் அம்மையாருக்கு. வங்கிக் கணக்கு தொடங்க முகவரிச் சான்று கேட்கிறார்கள், வாடகை வீட்டுக்கு வங்கிக் கணக்கும் சம்பளச் சான்றும் கேட்கிறார்கள். ஒன்றுக்கு மற்றொன்று முட்டுக்கட்டை. அந்த முடிச்சை அவிழ்த்தது அவர் கொடுத்த ஒரே ஒரு கடிதம். பள்ளியின் முத்திரைத்தாளில் வேலை தொடங்கும் தேதி, ஆண்டுச் சம்பளம், தற்காலிகமாகத் தங்கியிருக்கும் முகவரி மூன்றும் இருந்தன. கேட்கும் முன்பே கையொப்பமிட்ட மூன்று படிகளைத் தந்தார். இப்போது விசா அட்டையாக வருவதில்லை, இணையக் கணக்காகவே இருக்கிறது. நம் விசாவைப் பிறர் இணையத்தில் சரிபார்க்க அதிலிருந்து எடுத்துக் கொடுக்கும் பகிர்வுக் குறியீடு வேலைக்கு ஒன்று, வாடகைக்கு வேறொன்று, மற்றவற்றுக்கு இன்னொன்று என்பதையும், ஒவ்வொன்றும் 90 நாள் மட்டுமே செல்லும் என்பதையும் அவர்தான் எழுதிக் காட்டினார். வீட்டுத் தரகரிடம் வேலைக்கான குறியீட்டைக் கொடுத்தால் அது அவர் கணினியில் திறக்காது. காரணம் இதுதான் என்று தெரியாவிட்டால், விசாவிலேயே ஏதோ கோளாறு என்று மனம் பதறும்.

சம்பளப் பிரிவில் இருப்பவருக்கும் நன்றி. தேசியக் காப்பீட்டு எண் வரும்வரை வேலையில் சேரக் காத்திருக்க வேண்டியதில்லை, விண்ணப்பித்துவிட்டு வேலையைத் தொடங்கலாம் என்று அவர் தெளிவாகச் சொன்னார். சேரும் நாளிலேயே புதுப் பணியாளர் படிவத்தையும் நிரப்பச் செய்தார். அந்தப் படிவம் இல்லாவிட்டால் வரிவிலக்கே இல்லாத வரிக் குறியீட்டில் சம்பளம் பிடித்தமாகும். ஆண்டுக்கு 12,570 பவுண்டு வரை வரி கிடையாது என்பதைக் காட்டுவது 1257எல் என்னும் குறியீடு. முதல் சம்பளச் சீட்டில் எல்லாவற்றுக்கும் முன்னால் பார்க்க வேண்டியது அந்த ஒரு வரிதான். குறியீடு தவறாக இருந்து பிறகு சரியானால், கூடுதலாகப் பிடித்த பணம் பெரும்பாலும் அடுத்த சம்பளத்திலேயே திரும்பி வந்துவிடும்.

வீடு பார்க்க எங்களோடு நடந்த கணித ஆசிரியைக்கு நாங்கள் மிகவும் கடன்பட்டிருக்கிறோம். வீட்டைப் பிடித்து வைக்கும் முன்பணம் ஒரு வார வாடகைக்கு மேல் கேட்கக் கூடாது. காப்புத்தொகை, ஆண்டு வாடகை 50,000 பவுண்டுக்குக் கீழே இருந்தால், ஐந்து வாரத்துக்கு மேல் கேட்கக் கூடாது. 2019ஆம் ஆண்டுச் சட்டம் அப்படிச் சொல்கிறது. அந்தத் தொகையை வீட்டுக்காரர் பெற்ற 30 நாளுக்குள் அரசு ஏற்ற மூன்று பாதுகாப்புத் திட்டங்களில் ஒன்றில் போட்டு, அதன் சான்றைத் தர வேண்டும். இவ்வளவையும் சாவி வாங்கும் முன்பே சொன்னீர்கள். சாவி வாங்கிய அன்று எதையெல்லாம் படம் எடுக்க வேண்டும் என்றும் பட்டியல் கொடுத்தீர்கள்: அவன் அடுப்பின் உட்புறம், மெத்தையின் இரண்டு பக்கமும், கம்பளக் கறைகள், சன்னல் சட்டத்தின் மூலைகள், குளியலறை சிலிக்கான் ஓரம், மின்சார, எரிவாயு மீட்டர் எண்கள். காலி செய்யும்போது வழக்கு வருவது இந்த இடங்களில்தான்.

எரிவாயு மீட்டர் கன மீட்டரில் ஓடும், பில்லோ கிலோவாட் மணியில் வரும். இரண்டுக்கும் இடையே உள்ள கணக்கு: கன மீட்டரை 1.02264 ஆல் பெருக்கி, வெப்ப மதிப்பால் (ஏறக்குறைய 39.5) பெருக்கி, 3.6 ஆல் வகுக்க வேண்டும். சுருக்கமாக ஒரு கன மீட்டருக்குச் சுமார் 11.2 கிலோவாட் மணி. மாதக் கடைசியில் மீட்டரைப் பார்த்து எண்ணை அனுப்பினால் நிறுவனம் உத்தேசமாகப் பில் போடாது. உள்ளாட்சிக்குக் கட்டும் கவுன்சில் வரியைப் பொறுத்தவரை, வழக்கமான பத்துத் தவணைக்குப் பதில் பன்னிரண்டாகக் கேட்டு வாங்கலாம் என்பதும், குடும்பத்துக்கு முன்னால் ஒருவர் மட்டும் வந்து தனியாக இருக்கும் மாதங்களுக்கு 25 விழுக்காடு தள்ளுபடி உண்டு என்பதும் உங்கள் வாயால் கேட்டவையே.

அடுத்து, பக்கத்து வீட்டு கோவா அக்காவுக்கு. சுவிண்டனில் கோவாக்காரர்கள் பெருந்தொகையாக வாழ்கிறார்கள், வெயில் நாட்டிலிருந்து வந்தவர்களுக்கு இந்த ஊர் வீடுகள் என்ன செய்யும் என்பது அவர்களுக்கு அத்துப்படி. குளிர்காலத்தில் சுவரில் கரும்பூஞ்சை வருவது ஏன் என்று அக்கா சொன்ன விளக்கத்தை ஓர் இயற்பியல் வகுப்பில் அப்படியே சொல்லலாம். சூடான காற்று நீராவியை அதிகம் ஏந்தும். அது குளிர்ந்த சுவரையோ சன்னல் கண்ணாடியையோ தொட்டதும் நீராகப் படியும். நாள் கணக்கில் ஈரம் காயாத இடத்தில் பூஞ்சை பிடிக்கும். நம் வீட்டுச் சமையல் இந்த ஈரத்தைக் கூட்டுகிறது: குக்கர் ஆவி, இட்லிப் பானை ஆவி, ரசம் கொதிப்பது. அதோடு ஒரு முறை துவைத்த துணியை வீட்டுக்குள் உலர்த்தினால் ஏறக்குறைய இரண்டு லிட்டர் தண்ணீர் காற்றில் கலக்கிறது.

அக்கா சொன்ன வழிகளுக்குப் பெரிய செலவே இல்லை. துணியை ஒரே அறையில் உலர்த்தி, கதவைச் சாத்தி, சன்னலைச் சற்றுத் திறந்து வைப்பது. சன்னல் சட்டத்தின் மேலே இருக்கும் சிறு காற்றுத் துளைகளைக் குளிர் என்று அடைக்காமல் விடுவது. சமைக்கும்போது காற்றை வெளியேற்றும் விசிறியைப் போட்டு, சமைத்து முடித்த பிறகும் கால் மணி நேரம் ஓடவிடுவது. அலமாரியை வெளிச்சுவரோடு ஒட்டாமல் ஒரு சாண் தள்ளி வைப்பது. காலையில் கண்ணாடியில் படிந்த நீரைத் துணியால் துடைத்துப் பிழிந்துவிடுவது. மிச்சம் பிடிக்க வீட்டை முழுக்கக் குளிரவிட்டு மாலையில் மட்டும் கொதிக்கக் கொதிக்கச் சூடேற்றுவதைவிட, 18 பாகை அளவில் சீராக வைத்தால் சுவர் அந்த அளவுக்குக் குளிராது. வந்த பூஞ்சைக்கு வெறுமனே வெள்ளையடித்தால் சில வாரத்தில் மறுபடியும் தலைகாட்டும். முதலில் பூஞ்சைக்கொல்லி போட்டுக் கழுவி, நன்றாகக் காய்ந்த பிறகே சாயம்.

எதிர்வீட்டுப் பெரியவருக்கு: வீட்டைச் சூடாக்கும் பாய்லர் நின்றால் உடனே ஆளைக் கூப்பிட வேண்டாம், முதலில் அழுத்தமானியைப் பாருங்கள் என்றீர்கள். குளிர்ந்த நிலையில் முள் 1க்கும் 1.5க்கும் நடுவே நிற்க வேண்டும். அதற்குக் கீழே இறங்கியிருந்தால் பாய்லருக்கு அடியில் இருக்கும் நிரப்புக் குழாயின் வால்வை மெல்லத் திறந்து, முள் ஏறியதும் இறுக மூட வேண்டும். மறுபடி மறுபடி இறங்கினால் எங்கோ கசிகிறது என்று பொருள், அப்போது வீட்டுக்காரருக்குச் சொல்ல வேண்டும். அறையைச் சூடாக்கும் ரேடியேட்டரின் மேல்பாதி மட்டும் சில்லென்று இருந்தால் உள்ளே காற்று அடைத்திருக்கிறது. அதற்கென்று இருக்கும் சிறு சாவியால் காற்றை விட்டுவிட்டு, அழுத்தத்தை மறுபடியும் பார்க்க வேண்டும். நீங்கள் கொடுத்த சாவி இன்றும் மீட்டர் பெட்டிக்குள் தொங்குகிறது.

ஈழத்துக் கடை அண்ணா, அக்கா, உங்களுக்கு எழுத நிறைய இருக்கிறது. பருப்பு எவ்வளவு விசில் விட்டாலும் குழையாததற்குக் காரணம் பருப்பு இல்லை, தண்ணீர் என்று முதலில் சொன்னவர்கள் நீங்கள். இந்தப் பக்கத்துக் குழாய்த் தண்ணீர் கடினநீர். அதிலுள்ள கால்சியம் பருப்புத் தோலிலும் சதையிலும் இருக்கும் பெக்டினை இறுக்கிவிடுகிறது. ஒரு ஆழாக்குப் பருப்பை ஒரு மணி நேரம் ஊறவைத்து, வேகவைக்கும்போது ஒரு சிட்டிகை சமையல் சோடா போட்டால் போதும். அதிகம் போட்டால் சோப்பு வாடை வரும். அல்லது வடிகட்டிக் குடுவைத் தண்ணீரில் வேகவைக்கலாம். புளியும் தக்காளியும் பருப்பு வெந்த பிறகே சேர வேண்டும், கடினநீரில் இதை மீறவே கூடாது. கெட்டிலில் படியும் வெண்சுண்ணத்துக்கு வெள்ளை வினிகரும் தண்ணீரும் சம அளவு ஊற்றிக் கொதிக்கவிட்டு, ஆறவைத்துக் கொட்டினால் தீர்ந்தது.

மாவு புளிக்க நீங்கள் சொன்ன முறையைத்தான் இப்போது வீட்டில் கடைப்பிடிக்கிறோம். நான்கு பங்கு இட்லி அரிசி, ஒரு பங்கு உளுந்து, ஒரு தேக்கரண்டி வெந்தயம். கரைக்கும்போது கையால் நன்றாகப் பிசைய வேண்டும். இரவில் சமையலறை 15 பாகைக்கு இறங்கும் நாளில் மாவு அசையாது. அவன் அடுப்பைப் போடாமல் அதன் உள்விளக்கை மட்டும் எரியவிட்டு அதற்குள் பாத்திரத்தை வைத்தால், பழைய வகை விளக்கின் சூடே போதுமானது. எல்இடி விளக்கு என்றால் சூடு வராது, பக்கத்தில் ஒரு சுடுநீர்ப் புட்டி வைக்க வேண்டும். உப்பு புளிப்பைச் சற்றுத் தாமதப்படுத்தும், ஆகவே கடுங்குளிரில் பொங்கிய பிறகு உப்பு. அந்த அடுப்பின் குமிழ் மேல் "மாவு உள்ளே" என்று ஒரு சீட்டு ஒட்டச் சொன்னீர்களே அக்கா, அதுவும் செய்முறையின் ஒரு பகுதிதான்.

ஊரிலிருந்து வந்த மிக்சிக்கு உயிர் கொடுத்தவர் பள்ளியின் ஆய்வகத் தொழில்நுட்பர். மின்னழுத்தமும் அலைவெண்ணும் இங்கேயும் 230 வோல்ட், 50 ஹெர்ட்ஸ், ஆகவே மின்மாற்றி வேண்டியதில்லை. பிளக்கை மட்டும் மாற்றினால் போதும். பழுப்புக் கம்பி மின்முனைக்கு, நீலம் நடுமுனைக்கு, பச்சை மஞ்சள் வரி நிலமுனைக்கு. நம் பழைய கம்பிகளில் சிவப்பு, கறுப்பு, பச்சை அதே வரிசை. 750 வாட் மிக்சி இழுப்பது 3.3 ஆம்பியருக்குச் சற்றுக் குறைவு. 3 ஆம்பியர் பியூஸ் போட்டால் எரிந்துவிடக்கூடும், கூடவே வரும் 13 ஆம்பியரை அப்படியே விட்டால் மெல்லிய கம்பிக்குக் காப்பு இல்லை. 5 ஆம்பியர்தான் சரி. தூண்டல் அடுப்பில் அலுமினியக் குக்கர் சூடேறாது, காந்தம் ஒட்டும் அடிப்பாகம் வேண்டும் என்பதும் அவர் சொன்னதே. செய்முறை வகுப்புக்கான கருவிகளை எப்போது, எப்படிக் கேட்க வேண்டும் என்று பொறுமையாகச் சொல்லித் தந்ததற்குத் தனி நன்றி.

பிள்ளைகளின் பள்ளிச் சேர்க்கைக்கு உதவிய கவுன்சில் ஊழியருக்கு வணக்கம். ஊரில் எந்த வகுப்பு முடித்தார்கள் என்பது இங்கே கணக்கில்லை, ஆகஸ்ட் 31 அன்று என்ன வயது என்பதுதான் கணக்கு. 2015 செப்டம்பர் 1 முதல் 2016 ஆகஸ்ட் 31 வரை பிறந்த பிள்ளை 2025–26இல் ஐந்தாம் ஆண்டு வகுப்பில் இருக்கும். ஆண்டு நடுவே வருபவர்கள் நடுவாண்டு விண்ணப்பம் போட வேண்டும். வீட்டுக்கு அருகிலுள்ள பள்ளியில் இடமில்லை என்று பதில் வந்தால் காத்திருப்புப் பட்டியலில் பெயர் போடலாம், மேல்முறையீடும் செய்யலாம். அதுவரை பிள்ளையை வீட்டில் வைத்திருக்காமல், இடம் இருக்கும் பள்ளியில் சேர்த்துவிட்டுக் காத்திருக்கலாம் என்ற அறிவுரை பொன்னானது. ரிசெப்ஷன் (முதலாம் ஆண்டுக்கு முந்தைய வகுப்பு), முதலாம், இரண்டாம் ஆண்டுப் பிள்ளைகள் எல்லோருக்கும் மதிய உணவு இலவசம். சைவம் வேண்டுமென்றால் முன்கூட்டியே எழுதிக் கொடுக்க வேண்டும். மூன்று வயது நிறைந்த பிள்ளைக்கு அடுத்த பருவத்திலிருந்து வாரம் 15 மணி நேரம் பாலர் பள்ளி இலவசம்.

எதற்கு விண்ணப்பிக்கக் கூடாது என்று சொன்ன சக ஆசிரியருக்கு நாங்கள் கொடுக்கும் மதிப்பு மிகப் பெரிது. நம் விசாவில் பொது நிதி உதவி கூடாது என்ற நிபந்தனை இருக்கிறது. குழந்தை உதவித்தொகையும், குறைந்த வருமானத்துக்கான கவுன்சில் வரிக் குறைப்பும் அதில் அடங்கும். அக்கம்பக்கத்தார் நல்லெண்ணத்தில் "எல்லோரும் வாங்குகிறார்கள், நீங்களும் போடுங்கள்" என்பார்கள். வாங்கினால் விசா நீட்டிப்பே சிக்கலாகும். மருத்துவமனை, அரசுப் பள்ளி, பாலர் பள்ளியின் அந்த 15 மணி நேரம் ஆகியவை அந்தப் பட்டியலில் இல்லை, அவற்றுக்குத் தயங்க வேண்டாம்.

மருத்துவரிடம் பதிவு செய்ய முகவரிச் சான்று கட்டாயமில்லை என்று வரவேற்பு மேசையிலேயே சொன்ன பெண்மணிக்கும், தெருமுனை மருந்தாளுநருக்கும் நன்றி. தொண்டை வலி, பிள்ளைகளின் காதுவலி, சொறிபுண், பூச்சிக்கடித் தொற்று போன்ற ஏழு உபாதைகளுக்கு 2024 ஜனவரி கடைசியிலிருந்து மருந்தாளுநரே மருந்து தரலாம், மருத்துவருக்காகக் காத்திருக்க வேண்டியதில்லை. பதினாறு வயதுக்கு உட்பட்டோருக்கு மருந்துச் சீட்டு இலவசம். நம் போன்ற கருந்தோல்காரர்கள் ஆண்டு முழுதும் நாளுக்கு 10 மைக்ரோகிராம் வைட்டமின் டி எடுப்பது நல்லது என்றும் அவர் சொன்னார். டிசம்பரில் நான்கு மணிக்கே பொழுது சாயும் ஊரில் இது சிறு விஷயமில்லை.

வண்டி ஓட்டக் கற்றுக் கொடுத்த நண்பருக்கு: இந்திய உரிமம் குடியேறிய நாளிலிருந்து 12 மாதம்தான் செல்லும், பதினோராம் மாதத்தில் தேர்வு நாள் தேடினால் கிடைக்காது என்று முதல் வாரமே எச்சரித்தீர்கள். எழுத்துத் தேர்வில் 50க்கு 43, ஆபத்தறியும் காணொளித் தேர்வில் 75க்கு 44 வேண்டும். ஐந்து சிறு போக்குவரத்து வட்டங்கள் ஒரு பெரிய வட்டத்தைச் சுற்றி நிற்கும் சுவிண்டன் மேஜிக் ரவுண்டபவுட்டில், பெரிய வட்டத்தை மறந்துவிடு, ஒவ்வொரு சிறு வட்டத்திலும் வலப்பக்கம் வருபவருக்கு மட்டும் வழிவிடு என்று நீங்கள் சொன்னதுதான் அங்கே ஓட்டுவதற்கான முழு இலக்கணம். பிள்ளைகளுக்கு 135 சென்டிமீட்டர் உயரமோ 12 வயதோ, எது முதலில் வருகிறதோ அதுவரை தனி இருக்கை கட்டாயம். அடுத்த தெருவுக்குப் போனாலும் அப்படித்தான்.

பிள்ளைகளுக்குச் சிறிதாகிவிட்ட சீருடைகளைத் துவைத்து, கழுத்துப் பட்டியில் அளவு எழுதி, பெற்றோர் சங்கத்தின் பழைய உடைப் பெட்டியில் சேர்த்திருக்கிறோம். பள்ளிச் சின்னம் போட்ட ஸ்வெட்டர்கள்தான் கடையில் விலை கூடியவை. சாம்பல் கால்சட்டையும் வெள்ளைச் சட்டையும் எந்தப் பேரங்காடியிலும் கிடைக்கும். செப்டம்பரில் சேரப்போகும் குடும்பங்களிடம், வாங்கும் முன் அந்தப் பெட்டியைப் பார்க்கும்படி தயவுசெய்து சொல்லுங்கள்.

மிக்க நன்றியுடன்,
உங்கள் சுவிண்டன் ஆசிரியர் குடும்பம்