மின்கட்டண ரசீதைப் பார்த்துவிட்டு வாங்கு

உடுமலைப்பேட்டை,
6.7.2025

அன்புள்ள அம்மணிக்கு,

இங்கு நலம். மாப்பிள்ளையும் சின்னவனும் நலமாக இருப்பார்கள் என்று நம்புகிறேன். சில வாரங்களாக ஞாயிற்றுக்கிழமையில் உன் அழைப்பு வருவதில்லை. வேலை மும்முரம் என்று அம்மாவிடம் நானே சொல்லி வைத்திருக்கிறேன். தொலைபேசியில் கேட்டால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்பதால் எழுதுகிறேன். பங்குகளைப் பற்றி மட்டும்தான் எழுதப்போகிறேன், வேறு எதையும் கேட்கப்போவதில்லை.

தை மாதம் நாங்கள் புனே வந்திருந்தபோது, சனிக்கிழமை மாலை நீயும் உன் அலுவலக நண்பர்களும் கூடத்தில் உட்கார்ந்து பேசியதை முழுவதும் கேட்டுக்கொண்டிருந்தேன். சூரிய மின்தகடு, பேட்டரி, மின்சார வண்டி, காற்றாலை என்று சிறிய நிறுவனங்களாகவே பொறுக்கியெடுத்து, எதற்கு எத்தனை மெகாவாட் ஆர்டர் இருக்கிறது என்று நீ தாளைப் பார்க்காமல் சொன்னபோது எனக்குப் பெருமையாகவே இருந்தது. உன் நண்பர்கள் உன் வாயையே பார்த்துக்கொண்டிருந்தார்கள். ஆனால் அந்த ஆர்டருக்கெல்லாம் பணம் யார் தருவார்கள், எத்தனை மாதம் கழித்துத் தருவார்கள் என்று ஒருவர்கூடக் கேட்கவில்லை. ஆலைக் கணக்கில் ஆயுளைக் கழித்தவனின் மகள் நீயாவது கேட்டிருக்க வேண்டும்.

சூரிய மின்சாரத் தொழிலில் இருந்த ஜென்சால் நிறுவனம் முப்பதாயிரம் மின்சாரக் கார்களுக்கு முன்பதிவு வந்திருப்பதாக அறிவித்த சமயம் அது. விலை இறங்கியிருக்கும்போதே வாங்கிவிட வேண்டும் என்று உங்களில் ஒரு பையன் அடித்துச் சொன்னான். நீ வாங்கினாயா என்று நான் கேட்கவில்லை. ஏப்ரல் 15ஆம் தேதி, பங்குச்சந்தையைக் கண்காணிக்கும் வாரியமான செபி போட்ட இடைக்கால உத்தரவை மட்டும் ஒருமுறை நிதானமாகப் படித்துப் பார். இடைக்கால உத்தரவுதான், இறுதித் தீர்ப்பு அல்ல என்பது எனக்கும் தெரியும். ஆனாலும் அதில் உள்ள கணக்கு என்னைத் தூங்கவிடவில்லை. 6,400 கார்கள் வாங்குவதற்கென்று அரசு நிதி நிறுவனங்களிடம் ஏறத்தாழ 664 கோடி கடன் பெற்று, வாங்கியது 4,704 கார்கள் என்கிறது. முன்பதிவு என்று சொன்னவை விலையோ ஒப்படைக்கும் தேதியோ குறிப்பிடாத புரிந்துணர்வு ஒப்பந்தங்கள். உன் வீட்டிலிருந்து காரில் போய் வரக்கூடிய தூரத்தில், சாக்கனில் இருக்கும் அவர்களுடைய தொழிற்சாலைக்குத் தேசியப் பங்குச்சந்தை அதிகாரி ஏப்ரல் 9ஆம் தேதி போனபோது உற்பத்தி எதுவும் நடக்கவில்லை; இரண்டு மூன்று தொழிலாளர்களே இருந்திருக்கிறார்கள். அவர் மின்கட்டண ரசீதைக் கேட்டிருக்கிறார். முந்தைய பன்னிரண்டு மாதங்களில் மிக அதிகமாக வந்த தொகையே ஒன்றரை லட்சம் சொச்சம். நம் ஆலை வேலைநிறுத்தத்தில் மூடிக் கிடந்த மாதத்தில்கூட, கரண்ட் ஓடாவிட்டாலும் கட்ட வேண்டிய டிமாண்ட் சார்ஜ் மட்டுமே அதைவிட அதிகம் கட்டியிருக்கிறோம், அம்மணி. கார் செய்கிற இடத்தில் கரண்ட் ஓட வேண்டாமா?

2024 ஜூனில் 1,100 ரூபாயைத் தாண்டியிருந்த பங்கு அந்த உத்தரவு வந்த நாளில் 130 ரூபாய் அளவில் இருந்தது. அதன்பின் பல நாட்கள் தொடர்ந்து லோயர் சர்க்யூட், அதாவது ஒரு நாளில் இறங்க அனுமதித்த எல்லை வரை விலை விழுந்து நின்றது. விற்கலாம் என்று நினைத்தாலும் வாங்குவதற்கு ஆள் இருக்க மாட்டான். சிறிய நிறுவனப் பங்குகளில் இருக்கும் பெரிய ஆபத்து இதுதான். கடன் தரத்தை மதிப்பிடும் இரண்டு நிறுவனங்கள் மார்ச் முதல் வாரத்திலேயே ஜென்சாலின் தரத்தைக் கடைசிப் படிக்கு இறக்கிவிட்டன என்பதையும் கவனி. அந்த நாட்களில்தான் நீ சரியாகச் சாப்பிடுவதில்லை என்று மாப்பிள்ளை சொன்னார்.

துறை பொய் என்று நான் சொல்லவில்லை. ஆரல்வாய்மொழியில் நம் ஆலை காற்றாலை நிறுவியது தேய்மான வரிச் சலுகைக்காக என்று ஊரே சொன்னது, உண்மையும் அதுதான். ஆனாலும் ஆடிக்காற்றில் கிடைத்த யூனிட்டை மின்வாரியத்தில் இருப்பு வைத்து, மார்கழியில் கழித்துக்கொண்டு நூல் நூற்றோம். பள்ளி விடுமுறையில் என்னோடு வந்து மீட்டர் அளவை நீயே எழுதியிருக்கிறாய். காற்று ஏமாற்றவில்லை. பங்கு வாங்கியவர்களின் கதைதான் வேறாக இருந்தது. உங்கள் புனே ஹடப்சரில் தலைமையகம் வைத்திருக்கும் காற்றாலை நிறுவனமான சுஸ்லான் 2005இல் 510 ரூபாய்க்குப் பங்கு வெளியிட்டது. பிறகு ஒன்று ஐந்தாகப் பிரிந்ததால், இன்றைய கணக்கில் அது 102 ரூபாய். 2008 ஜனவரியில் அதே கணக்கில் நானூறு ரூபாயைத் தாண்டியது. வெளிநாட்டு நிறுவனங்களைக் கடனில் வாங்கியது, அமெரிக்காவில் இறக்கைகள் விரிசல் விட்டது, 2012இல் கடன்பத்திரத் தவணை தவறியது என்று ஒவ்வொன்றாக வந்து, 2020 மார்ச்சில் இரண்டு ரூபாய்க்கும் கீழே போனது. கடனைத் தீர்த்த பிறகு 2024 செப்டம்பரில் 86 ரூபாய் வரை ஏறியதைத்தான் நீ எனக்கு எப்போதும் உதாரணம் காட்டுகிறாய். இரண்டு ரூபாயில் வாங்கியவருக்கு அது பெரிய லாபம்தான். 2005இல் வாங்கி வைத்திருந்தவருக்கு அந்த உச்சத்திலும் போட்ட முதல் திரும்பவில்லை.

அந்தக் காலமெல்லாம் அவர் காத்திருக்க முடிந்தது என்றால், அவர் போட்டது சொந்தப் பணம் என்பதால்தான். கடன் வாங்கிப் பங்கு வாங்கியவருக்குக் காத்திருக்கும் உரிமை கிடையாது. பங்கு வாங்கத் தரகு நிறுவனம் தரும் மார்ஜின் கடனும் கடன்தான், தனிநபர் கடனும் கடன்தான், நகைக்கடனும் கடன்தான். முன்பும் இதைச் சொல்லியிருக்கிறேன், இனியும் சொல்வேன்.

போன வருடம் லாபத்தில் அம்மாவுக்கு வாஷிங் மெஷின் வாங்கித் தந்தபோது, எந்தப் பங்கை எத்தனைக்கு வாங்கி எத்தனைக்கு விற்றாய் என்று பைசா சுத்தமாகச் சொன்னாய். அம்மா அதைத் தெரு முழுக்கச் சொல்லிக்கொண்டிருந்தாள். இந்த வருடம் தொகை எதுவும் உன் வாயிலிருந்து வரவில்லை. சித்திரையில் வந்திருந்தபோது மாப்பிள்ளை, பேச்சோடு பேச்சாக, இங்குள்ள கூட்டுறவு வங்கியில் நகைக்கடன் வட்டி எவ்வளவு என்று என்னிடம் கேட்டார். சொன்னேன். ஏன் என்று கேட்கவில்லை.

ஆவணியில் சித்தி வீட்டுக் கல்யாணத்துக்குக் காசுமாலை போட்டுக்கொள்ள வேண்டும் என்று அம்மா ஆசைப்படுகிறாள்; நீ வரும்போது கொண்டு வா. கொண்டுவர வழியில்லை என்றால் விளக்கம் எதுவும் எழுத வேண்டாம், மாப்பிள்ளையைச் சொல்ல வைக்கவும் வேண்டாம். அடகுச் சீட்டின் நகலை மட்டும் ராசு மாமா கடை முகவரிக்கு அனுப்பிவிடு, வீட்டுக்கு அனுப்பாதே. வட்டி எந்தத் தேதி வரை கட்டியிருக்கிறது என்பதை அதன் பின்புறம் குறித்துவிடு. என்னுடைய வைப்புத்தொகை ஒன்று இந்த மாதக் கடைசியில் முதிர்கிறது. அதைப் புதுப்பிக்க வேண்டாம் என்று வங்கியில் எழுதிக் கொடுத்துவிட்டேன்.

அன்புடன்,
அப்பா