நடுக்கடலில் போட்ட மாற்றுவேலையைக் கரையில் கழற்றுங்கள்

விசைப்படகு உரிமையாளர் சங்கங்களின் தலைவர்களுக்கும் உறுப்பினர்களுக்கும் வணக்கம்.

துறைமுகத்தில் டீசல் இன்ஜின் வேலை பார்க்கிறவன் நான். கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் மீன்பிடித் தடைக்காலம். அப்போதுதான் படகுகள் கரையேறும், நாங்களும் இன்ஜினைப் பிரிப்போம். பிரிக்கும்போது எனக்கு வயிற்றைக் கலக்குவது தேய்மானம் இல்லை. அவசரத்துக்குக் கடலில் போட்டு, பிறகு மாதக்கணக்கில் அப்படியே விட்டுவைத்த மாற்றுவேலைகள்தான்.

அதைச் செய்த டிரைவரைத் தயவுசெய்து திட்டாதீர்கள். ஆட்டத்தில், டார்ச் வெளிச்சத்தில், காலண்டர் அட்டையை வாட்டர் பம்பின் விளிம்பில் வைத்துச் சுத்தியலால் தட்டித் தட்டியே வெட்டி, கிரீஸ் தடவி கேஸ்கட் போட்டிருப்பார். இறுகிப்போய் ஒழுகும் செம்பு வாஷரைச் சிவக்கக் காய்ச்சித் தண்ணீரில் போட்டு, இளக்கித் திரும்ப மாட்டியிருப்பார். கடல்தண்ணீர் பம்பில் தண்ணீரைத் தள்ளும் ரப்பர் சக்கரமான இம்பெல்லர் கிழிந்தபோது டெக் கழுவும் பம்பின் ஹோஸை இழுத்து, இணைப்பில் சைக்கிள் டியூப் சுற்றி, இன்ஜினுக்குத் தண்ணீர் கொடுத்திருப்பார். பாக் நீரிணையில் இன்ஜின் நின்றால் நீரோட்டம் படகை எல்லைக்கு அந்தப் பக்கம் தள்ளிவிடும். அந்த நேரத்தில் எல்லாரையும் வீடு கொண்டுவந்து சேர்த்தது அந்த அட்டைதான்.

ஆனால் அது வீடு திரும்பும் வரைக்குமான வேலை. அடுத்த தங்கலுக்கும், அதாவது கடலில் நாள்கணக்கில் தங்கி மீன் பிடிக்கும் பயணத்துக்கும், அதையே நம்பிப் போவதைத்தான் நிறுத்தச் சொல்கிறேன். கிழிந்த இம்பெல்லரை எடுத்துக்கொள்ளுங்கள். புதுசு மாட்டினால் முடிந்தது என்று நினைக்கிறோம். பிய்ந்துபோன ரப்பர் துண்டுகள் எங்கே? அவை, இன்ஜினுக்குள் சுற்றும் நல்லதண்ணீரைக் கடல்தண்ணீரால் குளிரவைக்கும் ஹீட் எக்ஸ்சேஞ்சரின் குழாய் வாயில் போய் அடைத்திருக்கும். ஒவ்வொரு துண்டையும் தேடி எடுக்காவிட்டால் இன்ஜின் மறுபடி கொதிக்கும், அதுவும் பாரமாக வலை இழுக்கும் நேரத்தில். புரொப்பல்லர் ஷாஃப்ட் படகுக்கு வெளியே போகும் இடத்தை அடைக்கும் ஷாஃப்ட் பேக்கிங்கும் அப்படித்தான். கிரீஸில் ஊறிய பருத்திக் கயிறு அன்றைக்குத் தாங்கும். சொட்டு முழுசாக நிற்கும் வரை அதை இறுக்குகிறார்களே, அதுதான் கெடுதல். ஷாஃப்ட் சுற்றும்போது சில சொட்டுகள் ஒழுகத்தான் வேண்டும், அந்தத் தண்ணீர்தான் அதைக் குளிர்விக்கிறது. சொட்டு நின்றால் ஷாஃப்ட் சூடாகித் தடம் விழும், அப்புறம் எந்தப் பேக்கிங்கும் நிற்காது.

இன்னொன்று, லாரி ஸ்பேர். பல படகுகளில் இருப்பது லாரி இன்ஜினின் கடல் வடிவம் என்பதால் பாகம் டவுனிலேயே கிடைக்கும், நமக்கு அது பெரிய வசதி. நல்லதண்ணீர் ஓடும் பக்கத்தில் தாராளமாக மாட்டலாம். உப்புத்தண்ணீர் ஓடும் பக்கத்தில் மாட்டாதீர்கள். வெண்கலத்தை ஒட்டி அலுமினியமோ இரும்போ இருந்தால் கடல்தண்ணீரில் அது வேகமாக அரித்துப்போகும். வெளியே பார்க்கப் பளபளவென்றுதான் இருக்கும்.

ஒரே ஒரு இடத்தில் மட்டும் கடலிலும் மாற்றுவேலை கூடாது: டீசலைப் பீய்ச்சும் இன்ஜெக்டருக்குப் போகும் ஹைபிரஷர் பைப். சாதாரணக் காற்றழுத்தத்தைப் போல 200 மடங்குக்கு மேலும் அதில் அழுத்தம் ஏறும். டியூபும் எம்சீலும் அதன் முன் ஒன்றுமில்லை. ஒழுக்கு எங்கே என்று விரலால் தடவினால் டீசல் தோலைத் துளைத்து உள்ளே போய்விடும். ஊசி குத்தின மாதிரி சின்னதாகத்தான் தெரியும், விரலே போய்விடலாம். உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டிய காயம் அது.

யாழ்ப்பாணத்தில் 1990களின் பொருளாதாரத் தடைக்காலத்தில் சில சொட்டுப் பெட்ரோலில் ஸ்டார்ட் செய்து மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டினார்கள். இன்ஜினுக்குக் கெடுதல் என்று தெரிந்தேதான் ஓட்டினார்கள், அவர்களுக்கு வேறு வழி இல்லை. நமக்குக் கடை பக்கத்திலேயே இருக்கிறது. கேட்டால் உரிமையாளர் முகம் சுளிப்பாரோ என்று டிரைவர் சொல்லாமல் விடுவதுதான் இங்கே தடை.

அதனால் சங்கமே ஒரு முடிவு எடுங்கள். ஒவ்வொரு படகிலும் ஓர் இம்பெல்லர், ஒரு பெல்ட், பேக்கிங் கயிறு, ஒரு ஹைபிரஷர் பைப், கிளாம்ப், வாஷர் கொண்ட பெட்டி இருக்கட்டும். கடலில் எதை மாற்றிப் போட்டாலும் வீல்ஹவுஸ் சுவரில் சாக்பீஸால் எழுதட்டும். கரையில் அதைச் சரிசெய்து அந்த வரியை அழிக்காமல், அடுத்த பயணத்துக்குப் படகில் ஐஸ் ஏற்றக்கூடாது. அந்தச் செலவை டிரைவர் தலையில் கட்டக்கூடாது. தடைக்காலம் முடிவதற்குள் கூட்டம் போட்டுப் பேசுங்கள், டிரைவர்களையும் கூப்பிடுங்கள். அழைத்தால் நான் வந்து செய்து காட்டுகிறேன்.