பெருநாளிலயும் ஒரு மிருக வைத்தியர் வேணும்

எங்கட பக்கத்து மிருக வைத்தியத்துக்குப் பொறுப்பான ஐயாமாருக்கும் அம்மாமாருக்கும், வணக்கம்.

தீபாவளி முடிஞ்சுது, இனி நத்தார், புதுவருசம், பிறகு தைப்பொங்கல். தீபாவளியண்டும் உங்கட படலையில அதே பூட்டு, அதே "இன்று விடுமுறை" மட்டை, கீழ ஒரு போன் நம்பர் கூட இல்லை. அதைப் பாத்திட்டு வந்துதான் இதை எழுதுறன்.

போன தைப்பொங்கலண்டு காலமை முத்தத்தில பொங்கி முடிய அப்பம்மா வழக்கம் போல ஒரு வாழையிலைத் துண்டில ஜிம்மிக்கும் புக்கை வைச்சவா. பயறு, சக்கரை, கஜு, அந்த முறை பிளம்ஸும் (காய வைச்ச முந்திரிகைப்பழம், அதுதான் திராட்சை) வழக்கத்தை விடக் கொஞ்சம் கூட. ஒன்பது வருசமா எங்கட வளவைக் காத்தவன், அவனுக்கும் பொங்கல்தானே எண்டு பாசத்தில வைச்சது. அந்த நேரம் கனடாவில இருந்து மச்சாள் வீடியோ கோலில நிண்டவா, அவாதான் கத்தினவா, ஐயோ நாய்க்கு பிளம்ஸ் குடுக்கக்கூடாது, முந்திரிகைப்பழமும் கூடாது, கிட்னி பழுதாப்போயிடும், உடன டொக்டரிட்டக் கொண்டு போங்கோ எண்டு. ஜிம்மி அப்ப வாலை ஆட்டிக்கொண்டு இலையை நக்கிக்கொண்டு நிண்டவன். முந்தின வருசங்களில ஒண்டும் நடக்கேல்லையே எண்டு நான் கூடக் கேட்டனான். எந்த நாய்க்கு எவ்வளவு திண்டா நஞ்சாகும் எண்டு ஆரும் முன்கூட்டிச் சொல்லேலாதாம்.

பழைய சாரத்தில சுத்தி, ஓட்டோவில மடியில வைச்சு, அரை மணித்தியாலத்துக்குள்ள உங்கட படலைக்கு வந்திட்டம். பூட்டு. தெரிஞ்ச ரெண்டு தனியார் டொக்டர்மாருக்கும் அடிச்சம், போன் ஓஃப். அவன் பாட்டுக்கு இறங்கி படலையை மோந்து பாத்துக்கொண்டு நிண்டான். ஆரோ உப்புத்தண்ணி பருக்கச் சொல்லிச்சினம், அது இன்னும் ஆபத்து எண்டு மச்சாள் தடுத்திட்டா. பின்னேரம் சத்தி எடுக்கத் தொடங்கினான், இரவு தண்ணியும் தங்கேல்ல. அடுத்த நாள் கதவு திறந்த உடன டொக்டர் சேலைன் ஏத்தினவர், நல்ல மனுசன், அன்பாத்தான் பாத்தவர். திண்டு ரெண்டு மணித்தியாலத்துக்குள்ள கொண்டு வந்திருந்தா ஊசி போட்டு சத்தி எடுக்க வைச்சிருக்கலாம் எண்டார்.

கொண்டு வந்தனாங்கள் ஐயா. உங்கட பூட்டுக்கு முன்னால நிண்டனாங்கள்.

மூண்டாம் நாள் மூத்திரம் போறதும் நிண்டு, ஜிம்மி போயிட்டான். அப்பம்மா இனி இந்த வீட்டில புக்கைக்கு பிளம்ஸ் போடக்கூடாது எண்டு சொல்லிப்போட்டா, வேற ஒண்டும் கதைக்கிறேல்ல.

நாங்கள் கேக்கிறது ஒண்டுதான். லீவு நாளில முறை வைச்சு ஒரே ஒரு டொக்டர், அவற்ற போன் நம்பர் படலையில. எல்லாரும் வரத் தேவையில்லை, அவையும் பிள்ளை குட்டியோட பெருநாள் கொண்டாடத்தானே வேணும். மிருக வைத்தியம் படிக்கப் பேராதனைக்குத்தான் போகோணும், டொக்டர்மார் குறைவு எண்டும் தெரியும். ஆனா மனிசருக்குப் பெருநாளண்டும் பெரியாஸ்பத்திரி திறந்துதானே கிடக்கு, வாயில்லாச் சீவனுக்கு மட்டும் ஏன் வருத்தம் லீவு பாத்து வரோணும்?

வீட்டில ஆபத்து கூடுறதே இந்த நாளுகளிலதான். நத்தார் ரிச் கேக்கில முழுக்க பிளம்ஸ், கறுத்த சொக்லேட்டும் நாயின்ர இதயத்தைப் படபடக்க வைக்கும், ஆட்டிறைச்சிக் கறியில அவிஞ்ச எலும்பு உடைஞ்சு குடலைக் கிழிக்கும், கறியின்ர வெங்காயம் உள்ளியும் ரத்தத்துக்குக் கூடாது. நத்தார் மரத்தில தொங்கிற மினுக்க நூலைப் பூனை விழுங்கினா குடல் சுருண்டு போகும். முப்பத்தோராம் திகதி இரவு பன்னிரண்டு மணிக்குச் சீனவெடி தொடங்க நாயள் மதில் பாஞ்சு ஓடுதுகள், விடியத் தேடித் திரியிற சனத்தை ஒவ்வொரு ஒழுங்கையிலயும் பாக்கலாம். இதுகளை ஆர் எங்களுக்குச் சொன்னது? விசர்நாய்த் தடுப்பூசி எண்டா ஓட்டோவில ஸ்பீக்கர் கட்டி அறிவிக்கிறியள், நாங்களும் பிடிச்சுக் கொண்டு வாறம். அதே ஓட்டோவில மார்கழியில ஒருக்கா பிளம்ஸ் குடுக்காதேங்கோ, வெடி நேரம் நாயை உள்ளுக்க வைச்சுப் பூட்டுங்கோ எண்டு சொன்னா எங்கட அப்பம்மாவுக்கும் கேட்டிருக்கும்.

கோவத்தில கொஞ்சம் கூடக் கதைச்சிருந்தா மன்னிச்சுக்கொள்ளுங்கோ. நத்தாருக்கு முதல் அந்த மட்டையில, "இன்று விடுமுறை"க்குக் கீழ, ஒரு டொக்டரின்ர போன் நம்பரை எழுதி விடுங்கோ. தயவு செய்து.

இப்படிக்கு,
ஜிம்மியின்ர வீட்டுக்காரர்,
யாழ்ப்பாணம்