ஏழு புள்ளி மூணு

சிராக்யூஸ்,
நவம்பர் 11

அன்புள்ள நண்பா,

இங்கே எல்லாரும் நலம். போன வாரம் போனில் முக்கால் மணி நேரம் பேசினோம். உன் மகன் வேலை, என் மாத்திரை, ஊரில் வீடு விற்கிற விஷயம் எல்லாம் பேசினோம். பனியைப் பற்றி நீயும் ஒரு வார்த்தை சொல்லவில்லை, நானும் கேட்கவில்லை. போனை வைத்த பிறகுதான் உறைத்தது. நவம்பர் பிறந்தால் நீ "ஹலோ" சொல்ல மாட்டாய், "ஏழு புள்ளி மூணு" என்றுதான் ஆரம்பிப்பாய். அதைக் கேட்டு எத்தனை நாளாகிறது! இதைப் போனில் எடுத்தால் நீ பேச்சை மாற்றிவிடுவாய் என்றுதான் எழுதுகிறேன். பொறுமையாகப் படி.

முதலில் என் சங்கதி. மார்ச்சில் ஸ்டென்ட் வைத்ததிலிருந்து உடம்பு பரவாயில்லை. ஆனால் இந்தக் குளிர்காலம் பனி அள்ளுகிற ஷவலைத் தொடவே கூடாது என்று டாக்டர் கண்டிப்பாகச் சொல்லிவிட்டார். குளிரில் ரத்தக்குழாய் சுருங்குகிற நேரத்தில் ஈரப்பனியைத் தூக்கி வீசினால் இதயம் தாங்காதாம். எதிர்வீட்டுப் பையன் ஸ்நோ ப்ளோவரோடு வந்து டிரைவ்வேயைச் சுத்தம் செய்கிறேன் என்றிருக்கிறான். நல்ல பையன். ஆனாலும் இருபத்தாறு வருஷம் நானே அள்ளிய பனியை ஜன்னலுக்குள் நின்று பார்க்கப் போகிறோமே என்று மனசு கேட்கவில்லை. சின்னவள் அதைக் கவனித்திருக்கிறாள். "அள்ளத்தானேப்பா கூடாது? அளக்கலாமே" என்றாள்.

சொன்னதோடு நிற்காமல் கோகோராஸ் என்கிற தன்னார்வக் குழுவில் என் பெயரையும் சேர்த்துவிட்டாள். கொலராடோவில் ஃபோர்ட் காலின்ஸ் ஊரில் 1997இல் பெரிய வெள்ளம் வந்தது. அதற்கு அடுத்த வருஷம் அங்கே தொடங்கிய குழு இது. இப்போது அமெரிக்கா, கனடா முழுக்க ஆயிரக்கணக்கானவர்கள் தங்கள் வீட்டுப் பின்பக்கத்தில் மழையையும் பனியையும் அளந்து தினமும் காலையில் அனுப்புகிறார்கள். ஒரு பிளைவுட் துண்டை 16 அங்குலச் சதுரமாக அறுத்து வெள்ளை பெயின்ட் அடித்து, மரமும் கூரையும் மறைக்காத இடமாகப் பார்த்துப் போட்டிருக்கிறேன். ஏன் வெள்ளை தெரியுமா? கறுப்புப் பலகை வெயிலை இழுத்து அடியில் பனியை உருக்கிவிடும். பக்கத்தில் சின்னக் கொடி கட்டிய ஒரு கம்பி. பலகையே மூடிப்போனால் எங்கே தேடுவது? அளவுகோல் அங்குலத்தைப் பத்தாகப் பிரித்தது. அளந்ததும் பலகையைத் துடைத்து, புதுப் பனியின் மேல்மட்டத்தில் திரும்ப வைக்க வேண்டும்.

இந்த வேலையில் இறங்கிய பிறகுதான் ஒரு விஷயம் சரியாகப் புரிந்தது. பனி தன் எடையிலேயே அமுங்கிக்கொண்டே போகும். காலையில் 10 அங்குலம் நின்றது சாயங்காலம் 7 ஆகிவிடும், ஒரு துளி உருகாமலே. அதனால் எத்தனை தடவை அளந்து துடைக்கிறோமோ அத்தனைக்கும் கூட்டுத்தொகை ஏறும். ஆறு மணி நேரத்துக்கு ஒருமுறை, ஒரு நாளைக்கு நாலு தடவைக்கு மேல் அளந்து கூட்டக் கூடாது என்பது விதி. 1997 ஜனவரியில் இங்கே டக் ஹில் மேட்டில் மான்டேக் என்கிற ஊரில் 24 மணி நேரத்தில் 77 அங்குலம் விழுந்ததாகக் கணக்கு வந்தது. அது நாட்டுக்கே சாதனையாகியிருக்கும். அளந்தவர் நாணயமான ஆள்தான். ஆனால் இடையில் கூடுதல் தடவை அளந்துவிட்டார் என்று அதைச் சாதனையாக ஏற்கவில்லை. இதைப் படித்தபோது எனக்கு வருத்தமாகவும் இருந்தது, நிம்மதியாகவும் இருந்தது. "உங்கள் ஊர்க் கணக்கில் எனக்கு நம்பிக்கை இல்லை" என்று எத்தனை வருஷம் சொல்லியிருக்கிறாய். எவ்வளவு கறாரான கணக்கு என்று இப்போது தெரிந்துகொள்.

குளிர்காலத்தில் யார் ஊரில் அதிகப் பனி விழுகிறது என்று நாம் பந்தயம் கட்ட ஆரம்பித்தது உனக்கு நினைவிருக்கும். ஒரே நியூயார்க் மாநிலத்தில் நீ பஃபலோ, நான் சிராக்யூஸ், நடுவில் 150 மைல். அதிகப் பனி விழுந்த ஊருக்கான கோல்டன் ஸ்நோபால் பரிசுக்கு ஆல்பனி, பிங்ஹாம்டன், பஃபலோ, ராச்செஸ்டர், சிராக்யூஸ் என்று ஐந்து ஊர் போட்டியிட்டாலும், நமக்கு நம் இரண்டு ஊர்தான். சித்திரை 1 அன்று யார் கணக்கு குறைவோ அவன் மாங்காய்ப் பச்சடி, வடை, பாயசத்தோடு மற்றவன் வீட்டுக்கு வண்டி ஓட்டிக்கொண்டு வர வேண்டும். அதற்குப் பிறகு விழுகிற பனி சேராது.

நீதான் அதிகம் ஓட்டினாய். அதற்குக் காரணம் ஏரிதான். உன் ஈரி ஏரிக்குச் சராசரி ஆழம் 60 அடிதான் இருக்கும். டிசம்பரில் அதன் வெதுவெதுப்பான தண்ணீர் மேல் வடக்கத்திக் குளிர்காற்று ஓடும்போது உனக்குக் கொட்டோ கொட்டு என்று கொட்டும். ஜனவரியில் ஏரி உறைந்தால் கடையைச் சாத்தியது போல நின்றுவிடும். எங்கள் ஒண்டாரியோ ஏரியில் 800 அடி ஆழமான இடம்கூட இருக்கிறது. அது முழுசாக உறைவதே அபூர்வம். மேற்கிலிருந்து வரும் காற்று 190 மைல் நீளத்துக்கும் தண்ணீர் மேலேயே வந்து ஈரத்தைக் குடித்துவிட்டு, எங்கள் பக்கத்து மேட்டில் ஏறி எல்லாவற்றையும் இறக்கிவைத்துவிடும். சராசரி பார்த்தால் எங்களுக்கு வருஷத்துக்கு 125 அங்குலத்துக்கு மேல், உங்களுக்கு 95. ஆல்பனிக்கு 60தான், பாவம்.

1992 மார்ச்சில் சிராக்யூஸ் நகர மன்றம் ஒரு தீர்மானம் போட்டதை நான் உனக்கு எத்தனை தடவை சொல்லியிருப்பேன்! வரும் டிசம்பர் 24 வரை இந்த ஊரில் பனி விழுவது சட்டவிரோதம் என்று தீர்மானம். அதற்கு அடுத்த குளிர்காலத்தில் 192.1 அங்குலம் விழுந்தது. இன்று வரை எங்கள் ஊரில் அதுதான் உச்சம். அதில் 1993 மார்ச் நடுவில் வந்த ஒரே புயலில் மட்டும் 42.9. நான் பெருமையாக இதைச் சொல்லி முடிக்கும்போதெல்லாம் நீ அமைதியாக 1976-77 கணக்கை எடுத்துப் போடுவாய். பஃபலோ, 199.4. வித்தியாசம் ஏழு புள்ளி மூணு. அதற்கு என்னிடம் பதில் கிடையாது, இன்றைக்கும் கிடையாது.

உன் வாதம் இன்னொன்றும் உண்டு. விமான நிலையத்தில் அளப்பதை மட்டும் ஊர்க் கணக்காக எடுத்துக்கொள்வது நியாயமா என்பாய். 2014 நவம்பரில் உன் வீட்டிலிருந்து சில மைல் தெற்கே ஐந்தடி, ஆறடி என்று ஆள் உயரத்துக்கு விழுந்தது. உன் வாசலில் ஒரு சாதாரண பனிநாள்தான். வடக்கே வெயில் அடிக்கிறது, தெற்கே மதில் கட்டியதுபோல வெள்ளை மேகம் நிற்கிறது என்று நீ படம் அனுப்பினாய். அந்தப் பனி எதுவும் உன் கணக்கில் ஏறவில்லை என்று நீ குமைந்தது நினைவிருக்கிறது. அன்றைக்கு உனக்குச் சொல்லத் தோன்றாத பதில் இப்போது தோன்றுகிறது. வருஷப் பிறப்பு அன்று எங்கள் தாத்தா பஞ்சாங்கம் படிப்பார். இந்த வருஷம் இத்தனை மரக்கால் மழை, அதில் சமுத்திரத்தில் இத்தனை பங்கு, மலையில் இத்தனை, பூமியில் இத்தனை என்று வரும். கடலில் விழுகிற மழை நமக்கு எதற்குத் தாத்தா என்று கேட்டால், "விழுந்ததை விழுந்த இடத்தில்தாண்டா எழுதணும்" என்பார். டக் ஹில் மேட்டில் ஹூக்கர் என்கிற சின்ன ஊருக்கு உன் அந்த 1976-77இல் 466.9 அங்குலம். அதை நான் சிராக்யூஸ் கணக்கில் கேட்டேனா? மலைப் பங்கு மலைக்கு.

சரி, இப்போது சொல்ல வந்த விஷயத்துக்கு வருகிறேன்.

2022 கிறிஸ்துமஸுக்கு முந்தின வெள்ளிக்கிழமை காலையிலிருந்து சனி ராத்திரி வரை உன் போன் கிடைக்கவில்லை. நான் சமையலறையில் நின்றுகொண்டே இருந்தேன். 37 மணி நேரம் ஒரே மூச்சில் அந்தப் பனிப்புயல் அடித்தது என்று பிறகு படித்தோம். ஞாயிற்றுக்கிழமை உன் குரல் கேட்டபோது நீ சொன்னது இன்னும் காதில் இருக்கிறது. கரன்ட் போய்விட்டது. பக்கத்து வீட்டு அம்மாள் தனியாக இருப்பாரே என்று நீயும் உன் மகனும் கதவைத் திறந்தால் படிக்கட்டே தெரியவில்லை. வேலியை ஒரு கையால் தடவிக்கொண்டே போனீர்கள். சாதாரண நாளில் அரை நிமிஷ தூரம், போய்வர முக்கால் மணி நேரம். அந்த அம்மாளைப் போர்வையில் சுற்றிக் கூட்டிவந்து, கேஸ் அடுப்பில் ரசம் வைத்து, கப்பில் ஊற்றிக் கொடுத்தீர்கள். இரண்டு ராத்திரி உங்கள் ஹாலில் படுத்திருந்தார். உங்கள் கவுன்டியில் 47 பேர் போய்விட்டார்கள். காரில் சிக்கியவர்கள், வீட்டுக்குள் விறைத்தவர்கள், ஆம்புலன்ஸ் வர முடியாமல் போனவர்கள்.

அந்த வெள்ளிக்கிழமை தொடங்கி ஐந்து நாளில் விமான நிலையத்தில் 51.9 அங்குலம். அந்தக் குளிர்காலக் கணக்கு முடிந்தபோது பஃபலோ 133.6. கோல்டன் ஸ்நோபால் உங்களுக்கு. நாங்கள் பக்கத்திலேயே வரவில்லை. சித்திரை 1 அன்று பச்சடியும் பாயசமுமாக நான் வந்தேன். நீ சாப்பிட்டாய், நன்றாக இருக்கிறது என்றாய். வாசலில் வழியனுப்பும்போதுதான், "இதை வச்சு நான் எதைடா ஜெயிச்சேன்?" என்றாய். என்னால் ஒன்றும் சொல்ல முடியவில்லை. 150 மைலும் ரேடியோ போடாமல் வந்தேன். அதற்குப் பிறகு நாம் பந்தயம் பேசவில்லை.

நீ சொன்னது சரிதான். ஆனால் இந்தப் பலகை வந்த பிறகு அதே கணக்கை வேறு மாதிரி பார்க்கிறேன். காற்றடித்த பனியை அளப்பது எவ்வளவு கஷ்டம் தெரியுமா? ஒரு பக்கம் வெறுந்தரை, ஒரு பக்கம் கழுத்தளவு குவியல். 1977 ஜனவரிப் புயலில் உங்கள் ஊரை மூடியதில் பெரும்பகுதி அப்போது வானத்திலிருந்து வந்ததே இல்லை. உறைந்த ஏரி மேல் அதற்கு முன்பே விழுந்து கிடந்ததைக் காற்று வாரிக்கொண்டு வந்து கொட்டியது. அந்த மாதிரி காற்றில் எது புதுசு, எது பழசு, எது அடித்துவந்தது என்று பத்து இடத்தில் குத்திப் பார்த்துச் சராசரி எடுக்க வேண்டும். 2022இல் யாரோ அந்தக் காற்றுக்குள் போய் நின்று, நாள் தவறாமல், பத்தில் ஒரு பங்கு வரை பார்த்து எழுதியிருக்கிறார்கள். அந்த 51.9 இல்லையென்றால் வெறுமனே "பெரிய பனி" என்றுதான் சொல்லிக்கொண்டிருப்போம். உன் வேலியும் அந்த அம்மாளும் 47 பேரும் அந்த எண்ணுக்குள்தான் எனக்கு இருக்கிறார்கள். அதைப் பேசாமல் விடுவதுதான் எனக்குச் சங்கடமாக இருக்கிறது.

அந்தப் பரிசே ஒருமுறை நின்றுபோனது உனக்குத் தெரியுமா? 1970களில் வானிலை அலுவலக ஆட்கள் தங்களுக்குள் ஆரம்பித்தது. 90களில் இங்கேயும் ராச்செஸ்டரிலும் அலுவலகங்களை மூடியபோது போட்டியும் போய்விட்டது. 2000க்குப் பிறகு யாரோ ஆசைப்பட்டுத் திரும்பக் கொண்டுவந்தார்கள். நாமும் கொண்டுவருவோம். சாப்பாட்டுப் பந்தயம் பழையபடியே. விமான நிலையக் கணக்குதான் கணக்கு. ஆனால் உன் வீட்டிலும் ஒரு பலகை போடு, அளவுகோலும் மழைமானியும் நான் அனுப்புகிறேன். வேலி ஓரமாகப் போடாதே, காற்று அங்கேதான் குவிக்கும். புதிதாக ஒரே ஒரு விதி: எந்த ஊருக்கு பனிப்புயல் எச்சரிக்கை வந்தாலும் முந்தின ராத்திரியே போன் பண்ண வேண்டும், கரன்ட் இருக்கிற வரை காலையும் மாலையும் பேச வேண்டும். பலகையைப் போய்ப் பார்ப்பதெல்லாம் காற்று நின்ற பிறகுதான். டாக்டரிடமும் உன் வீட்டம்மாவிடமும் இதை வாக்காகவே கொடுக்கிறேன்.

பக்கத்து வீட்டு அம்மாள் எப்படி இருக்கிறார்? போன தடவை இடுப்பு வலி என்றாய். நான் கேட்டதாகச் சொல். இந்தத் தடவை பச்சடி யார் செய்தாலும் அவருக்கு வெல்லம் கொஞ்சம் தூக்கலாக ஒரு கிண்ணம் தனியாக எடுத்துவைக்க வேண்டும்.

நேற்று ராத்திரி இங்கே முதல் பனி. காலை ஏழு மணிக்கு டார்ச்சோடு போனேன். பலகை மேல் பனி, யாரும் தலைவைத்துப் படுக்காத தலையணை உறை மாதிரி, ஒரு காக்கைக் கால்தடம்கூட இல்லை. மூன்று இடத்தில் அளவுகோலை நிறுத்திப் பார்த்தேன். 0.7 அங்குலம். மழைமானி உருளையை வீட்டுக்குள் கொண்டுவந்து உருக்கினால் 0.04 தண்ணீர். பஞ்சு மாதிரிப் பனி. எழுதி அனுப்பிவிட்டேன்.

இந்தக் கடிதம் கைக்கு வந்ததும் போன் பண்ணு. நான் "ஹலோ" சொல்ல மாட்டேன், நீ ஆரம்பிப்பதற்காகக் காத்திருப்பேன்.

என்றும் உன்,
சிராக்யூஸ்காரன்