எம்.டி.க்கு அடுத்த வரி

அன்புள்ள முருகேசா,

கடிதம் கிடைத்தது. மூட்டுவலி குறைந்து மாடி ஏறி இறங்குகிறாய் என்று படித்ததில் சந்தோஷம். நியூஜெர்சியில் மீனா பார்க்கப்போகும் ‘ஒருங்கிணைந்த மருத்துவ’ (வழக்கமான சிகிச்சையோடு மூலிகை, தியானம் போன்றவற்றையும் சேர்க்கும்) டாக்டரின் குறிப்பை அனுப்பி, ‘இவர் நிஜ டாக்டர்தானா?’ என்று கேட்டிருக்கிறாய். அந்தக் குறிப்பைக் கீழிருந்து மேலாகப் படி. தியானம், மூலிகை எல்லாம் மேலே இருக்கும். படிப்பு விவரம் அடியில் ஒதுங்கிக் கிடக்கும்.

நம்மூரில் எம்.டி. என்றால் எம்.பி.பி.எஸ்.ஸுக்கு மேல் படித்தது. அங்கே எம்.டி.தான் அடிப்படைப் பட்டம். அதனால் ரெசிடென்சி, அதாவது பட்டத்துக்குப் பின் ஆஸ்பத்திரியில் செய்யும் பயிற்சி, எதில், எங்கே முடித்தார் என்று பார். ஃபேமிலி மெடிசினும் (குடும்ப மருத்துவம்) இன்டர்னல் மெடிசினும் (பெரியவர்களுக்கான பொது மருத்துவம்) மூன்று வருடம். நோயாளியைப் பார்த்துத் தேறுவது அங்கேதான். அந்த வரி இல்லாவிட்டால் வேறு ஆளைத் தேடச் சொல். டி.ஓ. (ஆஸ்டியோபதி மருத்துவப் பட்டம்) என்றிருந்தால் பயம் வேண்டாம், எம்.டி.க்கு உள்ள அதே முழு உரிமை உண்டு. எலும்பு, தசையைக் கையால் சீர்செய்யும் பயிற்சி கூடுதல். என்.டி. என்பது இயற்கை மருத்துவப் பட்டம். அதற்கு எல்லா மாநிலத்திலும் உரிமம் கிடையாது.

அடுத்தது ‘போர்டு சர்டிஃபைடு’, அதாவது ஒரு துறையின் தேர்வு வாரியம் சான்று தந்தவர். எதில் என்று கேள். ஆஸ்பத்திரிகள் பெரிதும் மதிக்கும் ஏ.பி.எம்.எஸ். என்ற அமைப்பின் குடையின் கீழ் 24 போர்டுகள் இருக்கின்றன. ஒருங்கிணைந்த மருத்துவம் அதில் இல்லை. ஏ.பி.பி.எஸ். என்ற தனி அமைப்பு 2014 முதல் அதற்குத் தேர்வு நடத்துகிறது. ஃபேமிலி மெடிசின் சான்றிதழோடு இதுவும் இருந்தால் நல்லது. இது மட்டும் இருந்தால், மற்றது ஏன் இல்லை என்று கேட்கணும். மாநில மருத்துவ போர்டின் இணையதளத்தில் பெயரைப் போட்டால் உரிமம் செல்லுகிறதா, நடவடிக்கை ஏதும் உண்டா என்று காசில்லாமல் தெரிந்துவிடும்.

இவர் ஒருங்கிணைந்த மருத்துவத்தில் அரிசோனா பல்கலைக்கழக ஃபெல்லோஷிப் (மேற்பயிற்சி) முடித்திருக்கிறார். அதை நடத்துவது 1994-இல் ஆண்ட்ரூ வைல் என்ற டாக்டர் தொடங்கிய மையம். படிப்பு இரண்டு வருடம், 1000 மணி நேரம். பெரும்பகுதி ஆன்லைனில், வேலை பார்த்துக்கொண்டே படிப்பது. உணவு, மூலிகை, மனம்-உடல் சிகிச்சை, மருந்தோடு மருந்து மோதுவது எல்லாம் பாடத்தில் உண்டு. நல்ல படிப்புதான், ஆனால் வார்டு பயிற்சிக்கு மாற்று இல்லை. ‘ஃபங்ஷனல் மெடிசின்’ (நோயின் மூலகாரணத்தைத் தேடுவதாகச் சொல்லும் முறை) சான்றிதழை டாக்டர் அல்லாதவர்களும் வாங்கலாம். அதை வைத்து எடை போடாதே.

படித்தது உள்ளே இறங்கியிருக்கிறதா என்று பார்க்க மீனாவின் மாத்திரை டப்பாக்களே போதும். தைராய்டு மாத்திரையோடு, முடி கொட்டுவதற்கு பயோட்டின் என்ற வைட்டமின் 10 மில்லிகிராம் போடுகிறாள் என்றாயே. ஒருநாள் தேவை 30 மைக்ரோகிராம்தான். இது முந்நூறு மடங்குக்கும் மேல். பல லேபுகளின் சோதனை முறையே பயோட்டின் ஒட்டிக்கொள்வதை வைத்துத்தான் நடக்கிறது. ரத்தத்தில் அது மிதந்தால் தைராய்டு சோதனையில் டி.எஸ்.எச். குறைவாகவும் டி4 அதிகமாகவும், தைராய்டு மிகையாக வேலை செய்வதுபோல், பொய்க்கணக்கு வரும். அதை நம்பி தைராய்டு மாத்திரையைக் குறைத்தால் மீனாவுக்குத்தான் சோர்வு. அமெரிக்க உணவு, மருந்துக் கட்டுப்பாட்டு அமைப்பான எஃப்.டி.ஏ. 2017-லேயே எச்சரித்தது. ரத்தம் எடுக்கக் குறைந்தது இரண்டு நாள் முன்பே பயோட்டினை நிறுத்தணும். டாக்டர் தானாகவே ‘பயோட்டின் போடுகிறீர்களா?’ என்று கேட்டால் ஆள் தேறியவர்.

அதே டப்பா வரிசையில் நீ அனுப்பிய லேகியத்தையும் வைக்கச் சொல், கூச்சப்பட்டு ஒளிக்கவேண்டாம். பாஸ்டன் கடைகளில் வாங்கிய 70 ஆயுர்வேத மருந்துகளைச் சோதித்து 2004-இல் வந்த ஆய்வில் 14-இல் ஈயமோ பாதரசமோ ஆர்செனிக்கோ இருந்தது. பிள்ளை பெறும் யோசனையில் இருக்கிறாள் என்றால் ரத்தத்தில் ஈய அளவு பார்ப்பது நல்லது. அதிமதுரம் சேர்ந்த லேகியம் என்றால் பி.பி. ஏறும், பொட்டாசியம் இறங்கும், அதையும் சொல்லணும்.

இன்னொன்று. கிளினிக்கிலேயே அலமாரி வைத்து சப்ளிமென்ட் விற்றால் உடனே வாங்கவேண்டாம். பெயரையும் அளவையும் எழுதி வாங்கிக்கொள்ளட்டும். அது இல்லாமல் முடியாதா என்று கேட்கட்டும், கோபப்படுகிறாரா என்றும் பார்த்துக்கொள்ளட்டும்.

டப்பாக்களின் லேபிளைப் படம் எடுத்து எனக்கு அனுப்பச் சொல். முதல் சந்திப்புக்கு முன் பார்த்துச் சொல்கிறேன். லேகியத்தில் என்னென்ன சேர்ந்தது என்று உன் வைத்தியரிடம் கேட்டு நீயும் எழுது.

உன்
சேகர்